யாருசொன்னா சாரும் முக்கோணம் போட்ட ஜீப்பும்

செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அத்தனை பேர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டவர் யாருசொன்னா சார் ஒருவர்தான். அடித்துச் சொல்கிறேன். இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கக்கூடிய ஆளும் அவர்தான், அவர் இப்போது இல்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கடலோரத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கடையின் மாடி எங்கள் ஆபீஸ். ஆராய்வது சார். பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற நானும் என்னைப் போன்ற சிலரும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். எங்கள் எல்லோருக்கும் மேலே மெட்ராஸில் ஒரு டைரக்டர். சார் அவரிடம்தான் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார். பட்டம் வந்தால் காலேஜில் நிரந்தர வேலை. வராவிட்டால் எண்ணெய்க் கடை மாடிதான்.

சாருக்கு ஊர் கடப்பாக்கம். பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறதே, அதைக் கட்டியது யார் என்று சின்ன வயதில் ஊரில் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வீடு வேறு வேறு ராஜா பெயர் சொன்னார்களாம். அன்று பிடித்த வியாதி அது. அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும், "யாரு சொன்னா?"

மழை வரும் போலிருக்கிறது என்றால் யாரு சொன்னா. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று மெஸ்காரர் சொன்னால் யாரு சொன்னா. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் நன்றாகப் பாடும் என்று பெண்ணின் மாமா பெருமையாகச் சொல்ல, அங்கேயும் அதையே கேட்டார். பாவம், அந்தப் பெண் பாடிக் காட்டியது. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு மாமா பக்கம் திரும்பி, "இல்லியே" என்றார். பஜ்ஜி வருவதற்குள் எங்களை வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். சாருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், மகாபலிபுரத்துக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்று டைம்கீப்பர் சொன்னார். சார் விடவில்லை. நீ கண்ணால் பார்த்தாயா, வேறு யாராவது சொன்னார்களா, சொன்னவன் பார்த்தானா என்று அந்த மனிதரைக் குறுக்கு விசாரணை செய்தார். டைம்கீப்பர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்த நேரத்தில், வரும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் பஞ்சராகி நின்றிருந்த அந்த பஸ் ஆடி அசைந்து உள்ளே வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாசம் சாரோடு பேசவே முடியவில்லை.

அவரைத் தோற்கடித்தவர் மகாபலிபுரத்தில் ஒரு கைடு. பெரிய பாறைச் சிற்பத்தைக் காட்டி இது அர்ஜுனன் தபசு என்று ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சார் பின்னாலிருந்து வழக்கமான கேள்வியைப் போட்டார். கைடு திரும்பிப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"எங்க நைனா சொன்னாரு. அவருக்கு அவரு நைனா சொன்னாரு. ஒன்க்கு யாரும் ஒண்ணும் சொல்லலியா அண்ணாத்த?"

கூட்டமே சிரித்தது. சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் திரும்பும் வழியெல்லாம், அவன் யார் சொன்னது என்றாவது சொன்னான், நம் ஆட்கள் அதைக்கூடச் சொல்வதில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆம், கோபக்காரர். மூக்குக்கு மேலே கோபம் என்பார்களே, இவருக்கு மூக்கே கோபம். அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். "ஒருத்தனப் பத்தி எழுதினா அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு படி. படிக்க வாய் வரலியா, எழுதாத." சொல்வது சுலபம். படித்தது நான். ஒரு ஹெட்மாஸ்டர் முன்னால் நின்று, 'இப்பள்ளியின் தலைமையாசிரியர் மதிய வேளையில் உறங்குகிறார்' என்று படித்தேன். டஸ்டர் என் காதை உரசிக்கொண்டு போனது. மேலே படி என்று பின்னாலிருந்து சார் என் முதுகில் குத்தினார். இந்த மனிதரிடமா வந்து மாட்டினோம் என்று நான் சபிக்காத நாள் இல்லை.

இப்போது கோவளத்துக்கு வருகிறேன். வரும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எமர்ஜென்சி நேரம். நாங்கள் நாலு பேர் ஜீப்பில் போய் இறங்கி, தெருத் தெருவாகக் கேட்டு எழுதினோம். மாதா கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, படகுத்துறைக் குப்பம் எல்லா இடத்திலும் ஒரே பதில். வீட்டுக்கு ரெண்டே பிள்ளைகள். ரெண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. அப்படியானால் வாசலில் கும்பலாக நின்று எங்களை வேடிக்கை பார்க்கும் இந்தப் பிள்ளைகள் யார்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். பக்கத்து வீட்டில் கேட்டால் அதற்கும் பக்கத்து வீடு. கடைசி வீட்டில் கேட்டோம். கேளம்பாக்கத்திலிருந்து விளையாட வந்தவை என்றார்கள்.

டைரக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சின்னக் குடும்பம் இருந்தால் படிப்பில் அக்கறை தானாக வரும் என்று கோவளமே நிரூபித்துவிட்டது, கட்டுரை எழுது, வெளிநாட்டு மாநாட்டில் நானே வாசிக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். சார் எங்களைப் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

"அவங்களேதான் சார் சொன்னாங்க" என்றேன் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அடுத்த கேள்வி கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் ஜீப்பைக் கிளப்பச் சொன்னார்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சைக்கிள் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. கடைக்காரரின் மனைவி ஜைனம்பு அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சாரின் சட்டப்படி அவள் முன்னால் நின்று நான் படித்தேன். இந்தக் குடும்பத்தில் இரண்டு குழந்தைகள். இருவரும் தவறாமல் பள்ளி செல்கின்றனர். பெற்றோர் சிறு குடும்பத்தின் நன்மையை உணர்ந்தவர்கள்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"சார், நீ எதுல வந்த?"

"ஜீப்புல."

"அதுல இன்னா வரஞ்சிகீது, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தோம். கதவில் தட்டு அகலத்துக்குச் சிவப்பு முக்கோணம், தலைகீழாக. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முகாமுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக ஓடும் வண்டி. அது சும்மா நிற்கும் நாட்களில் எங்கள் டைரக்டர் இரவல் வாங்கி அனுப்பியிருந்தார். மாசக்கணக்கில் அதில் ஏறி இறங்கியிருக்கிறோம். மனித நடத்தையை ஆராயப் போன ஒருவன் கண்ணிலும் அது படவில்லை.

"போன வாரம் இதே வண்டிதான் வந்து எங்க தெரு ஆம்பளைங்கள ஏத்திகினு போச்சு. இதுலயே வந்து எத்தினி புள்ளன்னு நீ கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? பெத்த புள்ளைய வச்சிகினே பக்கத்து வூட்டுதுன்னு சொன்னேன். அதுங்க கேட்டுகினு நின்னுதுங்க. அந்தப் பாவம் யாருக்கு சார்?"

சார் அந்த முக்கோணத்தை ஓங்கி ஓர் உதை விட்டார். ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கட்டைவிரல் வீங்கி வெகுநாள் நொண்டினார். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சைக்கிள் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

அக்காவுக்கு ஆறு பிள்ளைகள். பெரியவள் வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. அடுத்தவன் வாத்தியார் அடிக்குப் பயந்து கடையில் ட்யூப் ஒட்டுகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. நாங்கள் தேடி அலைந்த காரணங்கள் மொத்தமும் அந்த வாசலில் இருந்தன. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அக்கா சார் முகத்தைப் பார்த்தாள்.

"எழுதிக்கோ. ஆனா எம்பேரு வெளிய வந்திச்சி, எங்க வூட்டுக்காரரத் தூக்கிகினு பூடுவாங்க."

"வராது."

"யாரு சொன்னா?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் சொல்றேம்மா" என்றார்.

அதற்குப் பிறகு தெருவே வந்தது. வண்டி போன செய்தி பரவியதும், அன்று சாயங்காலத்துக்குள் கோவளத்தில் மளமளவென்று குழந்தைகள் பிறந்தார்கள். யார் வீட்டிலும் ரெண்டோடு நிற்கவில்லை.

டைரக்டர் அறைக்கு சாரோடு நானும் போனேன். சார் எல்லாவற்றையும் சொன்னார், முக்கோணம் உட்பட. டைரக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சிரித்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. யாரு சொன்னா?"

சார் கையிலிருந்த தாள்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டு நம்பர், பேர், நிஜமா எத்தனை குழந்தைங்க, லிஸ்ட் கொடு. ஜீப் குடுத்தவங்களும் அதைத்தான் கேக்கறாங்க. பேரில்லாத ஆதாரம் ஆதாரமாய்யா? வாழ்நாள் பூரா நீ கேட்ட கேள்விதானே?"

லிஸ்ட் கொடுத்தால் கட்டுரையை மாற்றி எழுதலாம். கொடுக்காவிட்டால் பழைய கட்டுரை அப்படியே போகும், அதில் சாரும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். இதைத் தேன் தடவிய குரலில் சொன்னார். அந்த மேஜையைக் கவிழ்த்துவிடலாமா என்று பார்த்தேன்.

சாருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். டஸ்டர் பறக்கட்டும், பேப்பர் வெயிட் பறக்கட்டும். வரவில்லை. "சொல்ல மாட்டேன் சார்" என்றார். அவ்வளவுதான்.

படியிறங்கும்போது எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. நாலு பொய்ப் பேர் எழுதிக் கொடுத்திருந்தால் பட்டமாவது மிஞ்சியிருக்குமே என்று கத்தினேன். அப்போதுதான் பழைய சார் திரும்பி வந்தார்.

"பொய் எழுதத்தான் அவுரு கீறாரே, நான் வேற எதுக்கு?"

பெயர் யார் கையிலும் சிக்கக்கூடாதென்று கோவளத்துத் தாள்களையெல்லாம் சாரே செங்கல்பட்டு டீக்கடை அடுப்பில் போட்டார். டைரக்டர் மாநாட்டுக்குப் போய்வந்தார், மாலை போட்டார்கள். சார் ஒரு டுடோரியலில் சரித்திரம் எடுத்தார். புத்தகத்தில் எதைப் படித்தாலும் யாரு சொன்னா என்று கேட்கப் பழக்கியதில், ஏற்கெனவே பெயிலான பிள்ளைகள் மறுபடியும் பெயிலானார்கள். அங்கேயும் நீடிக்கவில்லை. கடைசி வரை டாக்டர் இல்லை, பென்ஷன் இல்லை. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. டைரக்டர் மேல் மட்டுமில்லை, இவர் மேலும்தான்.

போன மாசம் சென்னையில் ஒரு கருத்தரங்கு. ஓர் இளம் ஆராய்ச்சியாளர் மேடையில் நின்று, எழுபதுகளிலேயே இந்தக் கடலோரத்தில் வீட்டுக்கு இரண்டே குழந்தைகள் என்று அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தார். நான் எழுந்தே விட்டேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு.

"யாரு சொன்னா?" என்றேன்.

கட்டுரை வந்த புத்தகத்தின் பெயர், பக்க எண் எல்லாம் அவர் மரியாதையாகச் சொன்னார். அது தப்பு, ரெண்டு இல்லை என்றேன். உங்களுக்கு யார் சொன்னது, பெயர் சொல்ல முடியுமா என்று அவரும் மரியாதையாகக் கேட்டார். அரங்கமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஜைனம்பு என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது அந்த அக்காவின் பெயர் இல்லை. வீட்டு முன்னால் சைக்கிள் கடையும் இல்லை, வேறு கடை. சாரின் பெயரையும் இதில் எழுதவில்லை. இதைப் போடும் பத்திரிகையின் ஆசிரியர் போன் போட்டு, ஒரு பெயராவது கொடுங்கள், இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார். நம்ப வேண்டாம் என்றேன்.

"சொல்ல மாட்டேன்" என்று அரங்கத்திலும் சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். கடைசி பஸ் போயிடுச்சு பெரியவரே என்றான் ஒருவன். அங்கேயே நின்றேன், பக்கத்திலிருந்து சார் கேட்பார் என்று.