எழுப்பாதே என்ற இணைப்பு

கையேட்டுக்காரர் மடிக்கணினியை ஒருநாளும் அணைக்க மாட்டார். தூங்க வைப்பார், அவ்வளவுதான்.

"அணைச்சு அணைச்சுப் போட்டா அதுக்கு ஆயுசு குறையும்" என்பார். யார் சொன்னது என்று கேட்கக்கூடாது. கேட்டால் கோபம் வரும். வீட்டுச் சாதனங்களுக்குக் கையேடு எழுதும் கம்பெனியில் இருபது வருஷமாக 'பழுது வந்தால் என்ன செய்வது' என்ற அத்தியாயத்தை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிற மனுஷர் அவர். எத்தனையோ வீட்டுச் சலவை இயந்திரங்கள் அவர் எழுத்தைப் படித்துத்தான் ஓடுகின்றன. அவர் எழுத்தைப் படித்துத்தான் நிற்கவும் செய்கின்றன.

மூன்று வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. வீட்டில் கதவு என்று சொல்லத்தக்க கதவு பின்னறைக்கு மட்டும்தான். படுக்கையறைக் கதவு ஈரத்தில் உப்பிப்போய், சாத்தவே சாத்தாது. அந்த ஒரே கதவுள்ள ஒரே அறையில் மேஜை, நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் ஒரு நீட்டு சோபா என்று மகாராஜாவாகக் குடியிருந்தார்.

வீட்டம்மாவுக்கும் தொழில் உண்டு. புத்தகங்களை வாசித்துக் குரல் பதிவு செய்வது. சத்தம் உள்ளே வராமல் இருக்க அந்தம்மா என்ன செய்வார் தெரியுமா? படுக்கையறைத் துணி அலமாரிக்குள் ஒரு முக்காலியைப் போட்டு, தொங்கும் சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அலமாரிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வாசிப்பார். மூச்சுக்குத் தவித்தால் வெளியே வருவார். இப்போது ஒரு தடிப் புத்தகம் வந்திருந்தது. ஒரு மாதத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும். குக்கர் விசில் கேட்கிறது, யாரோ குறட்டை விடுவது கேட்கிறது என்று வேலை கொடுத்தவர்கள் இரண்டு முறை பதிவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் கேட்டால் வேறு குரலைத் தேடிக்கொள்வார்களாம்.

"என்னங்க, ஒரே ஒரு மாசம் பின்னறையை எனக்குக் குடுங்க."

"குடுத்துட்டு நான் எங்க போறது?"

"சமையலறை மேஜை சும்மாத்தானே கிடக்கு?"

"இன்டர்நெட் இணைப்புப் பெட்டி இங்க இருக்கே."

"அது செவுத்தைத் தாண்டி வருங்க. என் போனுக்கு வருதே."

"போனுக்கு வர்றது வேற. ஆபீஸுக்கு வர்றது வேற."

"என்ன வேற?"

"சொன்னாப் புரியாது. அது தொழில் சமாச்சாரம்."

உண்மையான சமாச்சாரத்தை நான் சொல்கிறேன். தினமும் சாப்பிட்டதும் இரண்டு மணிக்குக் கணினியைத் தூங்க வைத்துவிட்டு, தானும் அந்த நீட்டு சோபாவில் சாய்வார். மூன்று மணிக்கு இரண்டு பேரும் எழுந்திருப்பார்கள். மூன்றேகாலுக்கு மேலாளருடன் கூட்டம். சமையலறையில் சோபா ஏது?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் பழைய கணினி உயிரை விட்டது. ஆபீஸிலிருந்து வேறொன்று அனுப்பினார்கள். புதியதில்லை. அது யார் கையில் இருந்தது என்று சக ஊழியர் ஒருவர் போனில் சொன்னார். மெய்ப்புப் பார்க்கும் பெரியவராம். போன வருஷம் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்தக் கணினி முன்னாலேயே கொஞ்சம் கண் அசந்தாராம். மூணு மணிக்கு எழுப்பப் போனார்களாம். எழுந்திருக்கவே இல்லையாம்.

கையேட்டுக்காரருக்கு இதைத் தனியாக மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சாப்பிடும்போது வீட்டம்மாவிடம் சொல்லித் தொலைத்தார்.

"ஐயோ பாவம்" என்றார் அந்தம்மா. அப்புறம் பின்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை. பட்டப்பகலிலேயே வானம் கருத்து, அறைக்குள் சாம்பல் பூசினாற்போல் வெளிச்சம். மூன்று மணிக்குக் கையேட்டுக்காரர் எழுந்து கணினியைத் தட்டினார். திரை விழித்தது. இணைப்பு இல்லை.

பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. அதை அணைத்துப் போட்டார். கம்பியைப் பிடுங்கிச் சொருகினார். ஊதினார். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் சரியாகியிருக்கும். அது கௌரவப் பிரச்சினை. அறுபத்து மூன்று பக்கங்கள் வேறு திறந்து கிடந்தன. கடைசியில், அக்கம்பக்கத்து வைஃபை இணைப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தார். மாடி வீட்டுக்காரருடையது இருந்தது. எதிர் வீட்டுடையது இருந்தது. தன் வீட்டுடையதும் இருந்தது, தட்டினால் ஒட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இதுவரை பார்த்தேயிராத ஒரு பெயர் இருந்தது.

எழுப்பாதே.

வெளியே தூறல் நின்றிருந்தது. கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்க வா! சீக்கிரம் வா!"

வீட்டம்மா கைபேசியும் கையுமாக வந்தார். "என்ன இந்தக் கத்து கத்தறீங்க?"

"இதைப் பாரு. மேல என்ன எழுதியிருக்கு?"

"மாடி வீடு, எதிர் வீடு. நம்ம வீடு. அவ்வளவுதானே இருக்கு?"

குனிந்து பார்த்தார். அவ்வளவுதான் இருந்தது.

"இப்ப இருந்துச்சு! 'எழுப்பாதே'ன்னு!"

"தூக்கக் கலக்கமா இருக்கும். முகத்தைக் கழுவுங்க." அந்தம்மா போய்விட்டார்.

அன்றைய கூட்டத்தில் கையேட்டுக்காரர் போன் வழியாகக் கலந்துகொண்டார். குரல் நடுங்கியது. மழை என்று சொல்லிச் சமாளித்தார்.

செவ்வாய்க்கிழமை சோபாவில் படுத்தாரே தவிரத் தூங்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, மூடிய கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில் சின்ன வெள்ளை விளக்கு மெதுவாக எரிந்து மெதுவாக அணைந்தது. மறுபடி எரிந்தது. மூச்சு விடுகிற மாதிரியே இருந்தது. எண்ணிப் பார்த்தார். தானும் அதே கணக்கில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணி. திறந்தார். இணைப்பு இல்லை. பட்டியல். எல்லாவற்றுக்கும் மேலே:

இது என் அறை.

பக்கத்தில் சிக்னல் நாலு கோடும் நிறைந்திருந்தது. தெருவிலிருந்து வந்தால் ஒரு கோடு, மிஞ்சினால் இரண்டு. நாலு கோடு என்றால் அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இதையும் அவரே ஒரு கையேட்டில் எழுதியிருக்கிறார். பாவம், இந்தச் சமயத்திலா ஞாபகம் வர வேண்டும்?

"உன் போனைக் குடு" என்றார், சமையலறைக்கு ஓடி.

"எதுக்கு?"

"அதுலேர்ந்து ஏதாவது கிளம்புதான்னு பார்க்கணும்."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. சாதுவாக இருந்தது.

"என் மேலயா சந்தேகம்?"

"சேச்சே. சும்மா பரிசோதனை."

"டெக்னீஷியனைக் கூப்பிடட்டுமா?"

"எனக்கா? நான் ஊருக்கே சொல்லிக் குடுக்கறவன். எனக்கு ஒருத்தன் வந்து சொல்றதா?"

"சரி, வேண்டாம். நீங்க மெலிஞ்ச மாதிரி இருக்கீங்க. சாப்பிடுங்க" என்றார் வீட்டம்மா. அந்தக் கரிசனத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை வீட்டம்மா மாடி வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வீடு காலி. சமையலறைக் குழாய்கூடச் சொட்டவில்லை. மூன்று மணிக்கு கணினியைத் திறந்தார்.

எழுந்திரு.

எழுந்திருக்காமல் என்ன செய்வார்? துள்ளி எழுந்தார். நாற்காலி சக்கரத்தில் உருண்டு, தானாகப் பின்னால் போய், சோபாவில் இடித்து நின்றது.

ஆனாலும் மனுஷர் கோழையில்லை, கையேடு எழுதுகிறவர். எந்தப் பழுதுக்கும் மூலம் உண்டு என்று ஆயிரம் தடவை எழுதியிருக்கிறார். கணினியை இரண்டு கையாலும் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு, அந்த இணைப்பு எங்கேயிருந்து வருகிறது என்று தேடிக் கிளம்பினார். சமையலறைப் பக்கம் போனார். கோடு மூன்றாகக் குறைந்தது. கூடத்துக்கு வந்தார். நாலாகியது. படுக்கையறை வாசலில் நின்றார். உள்ளே இருட்டு. ஓரடி வைத்தார். துணி அலமாரிக்கு முன்னால் போய் நின்றபோது நாலு கோடும் அசையாமல் நின்றன.

அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது. கிசுகிசுப்பான, ஈரமான குரல்.

"வந்துட்டியா... இவ்வளவு நாளா உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்... கதவைத் திற..."

கையேட்டுக்காரர் கதவைத் திறந்தார். அலமாரிக் கதவை இல்லை. வாசல் கதவை. வெறுங்காலோடு ஈரத் தரையில், கையில் கணினியோடு, கேட்டுக்கு வெளியே போய்த்தான் நின்றார். போகிற வருகிறவர்கள் விற்க வந்தவர் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பத்து நிமிஷம் கழித்துப் பின்னாலிருந்து குரல். "என்னங்க, ஏன் ரோட்ல நிக்கறீங்க?"

வீட்டம்மா. வீட்டுக்குள்ளிருந்து வருகிறார்.

"நீ... மாடிக்குப் போகலையா?"

"போயிட்டு அப்பவே வந்துட்டேனே. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்."

"அலமாரியில..." என்று வீட்டுப் பக்கம் கணினியை நீட்டிக் காட்டினார். "அலமாரியில யாரோ இருக்காங்க."

"யாரு?"

"அந்தப் பெரியவர். ஆனா பொம்பளைக் குரல்ல பேசறாரு."

வீட்டம்மா சிரிக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. அந்தம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, உட்கார வைத்து, ஈரக் காலைத் துடைத்துவிட்டார். ரொம்ப யோசித்துச் சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பெரியவருக்கு உங்க மேல கோபம் இல்லை. அவர் தூங்கற நேரத்துல நீங்க அங்க இருக்கீங்க. அதுதான் பிடிக்கலை போல."

"அப்ப என்ன செய்யறது?"

"நீங்க சமையலறையில உட்காருங்க. நான் பின்னறையில இருக்கேன்."

"உன்னை ஏதாவது பண்ணிடுச்சுன்னா?"

"பண்ணட்டுமே. உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

கையேட்டுக்காரர் பொலபொலவென்று அழுதுவிட்டார் என்றால் நம்புவீர்களா? நான் நம்பினேன். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு தியாகியோடு வாழ்ந்ததை உணரவேயில்லையே என்று குமுறினார். தானே நாற்காலியைத் தள்ளினார். தானே முக்காலியையும் ஒலிவாங்கியையும் அலமாரியிலிருந்து பின்னறைக்குத் தூக்கிவரச் சம்மதித்தார், அலமாரிக் கதவை அந்தம்மா திறந்த பிறகு.

வியாழக்கிழமை சமையலறை மேஜையில் மூன்று மணிக்குக் கணினியை எழுப்பினார். இணைப்பு சட்டென்று வந்தது. பட்டியலில் தன் வீடு, மாடி வீடு, எதிர் வீடு. வேறு பெயரே இல்லை. பெரியவர் சாந்தமடைந்துவிட்டார் என்று பெருமூச்சு விட்டார்.

கூட்டத்தில் மேலாளர் கேட்டார். "பின்னால அடுப்பு தெரியுது? சமையலறையிலா இருக்கீங்க?"

பேய் துரத்திவிட்டது என்று சொல்ல முடியுமா? நாக்கு தானாகப் புரண்டது. "என் மனைவிக்கும் ஒரு தொழில் இருக்கு சார். அவங்களுக்கு ஒரு நல்ல அறை வேணும்னு நானே யோசிச்சு, நானே விட்டுக் குடுத்தேன்."

திரையிலிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். "உங்களை மாதிரி ஆம்பளைங்க வேணும் சார்" என்றார் மேலாளர். "இதை நம்ம ஆபீஸ் இதழ்ல போடறோம். நீங்களே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. தலைப்பு, 'நான் ஏன் என் அறையைத் துறந்தேன்'."

கையேட்டுக்காரர் அடக்கமாகத் தலைகுனிந்தார். குனிந்த இடத்தில் திரையின் மூலையில் பட்டியல் இன்னும் திறந்து கிடந்தது. அதில் ஒரு புதுப் பெயர் முளைத்திருந்தது. நாலு கோடு.

பாலைப் பார்.

திரும்பினார். அடுப்பில் பால் விளிம்புக்கு வந்திருந்தது. பாய்ந்து அணைத்தார். அடுப்பை அணைத்த கை அப்படியே நின்றது. பேய்க்குப் பாலைப் பற்றி என்ன கவலை?

கூட்டத்தை முடித்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தார். கதவைத் தட்டாமல் திறந்தார். வீட்டம்மா ஒலிவாங்கிக்கு முன்னால், நீட்டு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தம்மாவின் பழைய கைபேசி. உடைந்துபோய்விட்டது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே கைபேசி. மடியில் பேய்க் கதைப் புத்தகம்.

"நீதானா?"

"எது?"

"எல்லாம்! எழுப்பாதே, எழுந்திரு, பாலைப் பார்!"

"ஆமா. பாலை அடுப்புல வச்சதும் நான்தான். 'பாருங்க'ன்னு மரியாதையாத்தான் போட நினைச்சேன். அந்தப் பேருக்கு இடம் பத்தலை."

"அலமாரியில பேசினது?"

"ஒத்திகை. மூணாவது அத்தியாயம்."

"சரி, இணைப்பு போனது? அதை எப்படிப் பண்ணினே?"

"அதை நான் பண்ணலை. நீங்க பெட்டியைக் கழட்டி மாட்டற சத்தம் கேட்டதும், இந்தப் பழைய போனோட ஹாட்ஸ்பாட்டுக்கு அப்படி ஒரு பேரை வச்சு விட்டேன், அவ்வளவுதான். தூங்கறப்போ மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இணைப்பையும் சேர்த்து அணைச்சுக்கோன்னு அந்தக் கணினியில ஒரு கட்டத்துல டிக் போட்டிருந்தது. எழுந்தப்புறம் அதுக்குத் திரும்பப் போடத் தெரியலை. திங்கக்கிழமையே டெக்னீஷியனுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. நேத்து சாயங்காலம் நீங்க குளிக்கப் போனப்போ டிக்கை எடுத்துட்டேன்."

கையேட்டுக்காரருக்கு முகம் சிவந்தது. "அப்படியா சேதி? கிளம்பு. முக்காலியை எடு. இந்த நிமிஷமே என் அறை எனக்கு வேணும்."

"தாராளமா." வீட்டம்மா புத்தகத்தை மூடினார். "ஆபீஸ்ல என்னன்னு சொல்வீங்க?"

"என்ன சொல்றது?"

"கை தட்டினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. அறையைத் திரும்ப ஏன் பிடுங்கினீங்கன்னு கேப்பாங்களே. 'மொதல்ல நான் விட்டுக் குடுக்கலை, என் சம்சாரத்தோட போனுக்குப் பயந்து ரோட்டுக்கு ஓடினேன், இப்ப பயம் தெளிஞ்சுடுச்சு'ன்னு அந்த ஒரு பக்கத்துல எழுதிடுங்க."

பழுது வந்தால் என்ன செய்வது என்று இருபது வருஷம் எழுதியவருக்கு, இந்தப் பழுதுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. சோபாவை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தார்.

"பதிவு பண்ணணும். கதவு" என்றார் வீட்டம்மா.

சத்தம் வராமல் மெதுவாகச் சாத்தினார், வெளிப்பக்கத்திலிருந்து.