டெஸ்ட் மாமாவும் மூன்று துண்டு பீட்சாவும்

எனக்குத் தெரிந்து, டெஸ்ட் மாமா இந்த உலகத்தில் முழுதாக நம்பியது தன்னை ஒருவரைத்தான். அதிலும் அவருக்கு அவ்வப்போது சந்தேகம் வந்துவிடும். வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினால் மூன்று தரம் மேலே வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

அப்போது நாங்கள் வங்காளத்தில் இருந்தோம்; லேக் கார்டன்ஸில் எங்களுக்கு மேல் மாடியில் அவர் இருந்தார். துறைமுகத்தில் கப்பலில் வரும் உணவுச் சரக்கைச் சோதிக்கும் வேலை; அதனால்தான் டெஸ்ட் மாமா. "கப்பலையே திருப்பி அனுப்பின மூக்கும்மா இது" என்று சொல்லி மூக்கைத் தொட்டுக் காட்டுவார். தெருமுனையில் புச்கா, அதாவது பானிபூரி, விற்கிறவனை அவன் பானையிலிருந்த புளித்தண்ணீரிலேயே ஒரு டம்ளர் குடிக்க வைத்தார். அவன் மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டான். மாமாவுக்குத் திருப்தி இல்லை.

"அவன் பழக்கப்பட்டவன்மா. அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

அந்தத் தெருவில் மாமாவைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் நான்தான். ஏனென்றால் என் மகள் நித்யாவுக்கு அப்போதுதான் டைபாய்டு வந்து போயிருந்தது. ஐந்து வயது. காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் பசி திரும்பவில்லை. ரசம் சாதம் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. கன்னம் ஒட்டிவிட்டது; பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. "அவள் கேட்பதைக் கொடுங்கள், சுத்தமாக இருந்தால் போதும்" என்றார் டாக்டர். அவள் கேட்டதோ டி.வி. விளம்பரத்தில் பார்த்த பீட்சா.

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஓர் இத்தாலிய ஹோட்டல், பார்க் ஸ்ட்ரீட் பக்கம் புதிதாகத் திறந்திருந்தது. வெளிச் சாப்பாட்டில் வந்த காய்ச்சலுக்கு மறுபடி வெளிச் சாப்பாடா? போகாவிட்டால் இப்படியே இளைத்துக்கொண்டே போவாளே? என் கணவர் "ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் டூர் கிளம்பிவிட்டார். நான் மாடியேறி மாமாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். படி இறங்குவதற்குள் கூப்பிட்டது தப்போ என்றும் பட்டது.

மாமா ஒரு கூஜா நிறைய கொதித்து ஆறிய தண்ணீரோடு வந்தார். ஹோட்டலுக்குள் நுழைந்ததும் மேஜையை முகர்ந்தார். மெனு கார்டை முகர்ந்தார். காய்ந்த மிளகாய்த் தூள் பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேனேஜரை அழைத்தார்.

"கோழி பீட்சா வெட்டற அதே சக்கரக் கத்தியாலேதானே எங்க காய்கறி பீட்சாவையும் வெட்டுவே?"

"இல்லை மேஷோமோஷாய்! ஆலாதா! ஏக்தம் ஆலாதா!" என்று, தனித்தனிதான் என நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார் மேனேஜர். வங்காளத்தில் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டால் யாரும் இளகிவிடுவார்கள். மாமா இளகவில்லை.

"தேக்கி, தேக்கி" என்று, காட்டச் சொல்லி எழுந்தார்.

தலையில் காகிதத் தொப்பியோடு சமையலறைக்குள் போனவர், பீட்சாவோடுதான் வெளியே வந்தார். அவரே ஏந்தி வந்தார். வழியில் யாரையும் நம்பவில்லை.

நித்யா கையை நீட்டினாள். மாமா தட்டுக்கு மேல் உள்ளங்கையை விரித்தார்.

"பொறு. நான் சாப்பிட்டு எனக்கு ஒண்ணும் ஆகலேன்னாதான் உனக்கு."

"எப்போ ஆகும் மாமா?"

"அதைத்தானே பாத்துண்டிருக்கேன்."

கண்ணை மூடி ஒரு துண்டை மென்றார். முடித்ததும் இன்னொன்றை எடுத்தார். "ஓரம் சரியாயிருக்கு. நடுவிலே வெந்திருக்கான்னு பாக்கணும்." மூன்றாவதையும் எடுத்தார். "இதிலே குடமிளகாய் இருக்கு. அதைத் தனியாப் பாக்கணும்."

பக்கத்து மேஜைகள் எங்களையே பார்த்தன. எனக்கு அவமானமாக இருந்தது. பீட்சா பாதியாகிவிட்டது. நித்யாவின் உதடு துடித்தது.

"அம்மா! மாமாவே எல்லாத்தையும் தின்னுடுவார்! எனக்குப் பசிக்கறதும்மா!"

பசிக்கிறது. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாள்! மாமா உடனே கையை எடுத்துக்கொண்டார். குழந்தை இரண்டு துண்டைத் தின்று, விரலையும் நக்கினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமா ஜன்னல் வழியே டிராமைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வேணும்னேதானே அப்படிப் பண்ணினேள்?"

"என்ன வேணும்னே? டெஸ்ட் பண்ணினேன். எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படறது நல்ல பழக்கம் இல்லேம்மா."

மறுநாள் காலை நன்றி சொல்ல மாடிக்குப் போனேன். மாமி கதவைத் திறந்தாள்.

"வெளியிலே ஒரு வாய் காப்பி குடிக்காத மனுஷன். சீஸ் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு துண்டு போறாதா, மூணா தின்பார்? ஓமத்தை மென்னுண்டு விடிய விடிய உலாத்தினார்."

"ஆகாதுன்னு தெரிஞ்சுமா சாப்பிட்டார்?"

உள்ளேயிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது. "யாரு அங்கே? குழந்தை காலம்பற ஏதாவது சாப்பிட்டாளா, கேளு."

"ரெண்டு இட்லி சாப்பிட்டா மாமா."

"மாவு எந்தக் கடையிலே வாங்கினே?"

"நான்தான் அரைச்சேன் மாமா."

"உளுந்தை எத்தனை தரம் களைஞ்சே?" என்றது குரல். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. சோதித்துப் பார்க்கட்டும் என்று, இன்னும் சூடாக இருந்த நாலு இட்லியை எடுத்துவரக் கீழே ஓடினேன்.