பேர் சொல்லி மெயில் இழுத்தவர்

வில்லியனூருக்கு வந்த எந்த மெயிலும் ரெப்ரெஷ் அண்ணனின் விரலுக்குத் தப்பியதில்லை. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆன்லைனில் வேலைக்கு எழுதிப்போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி கிடையாது. "என் ஐடிய போட்டுக்க, வந்தா சொல்றேன்" என்பார். ஆக, எல்லார் தலையெழுத்தும் அவருடைய ஒரே போனில்தான்.

புது மெயில் உண்டா என்று மணிக்கொரு தடவை போனே போய்க் கேட்டுவரும்படி வைக்கலாம். அண்ணன் அதை நிறுத்திவிட்டார். பத்து மணிக்குக் கேட்ட போன், பத்து ஐந்துக்கு வந்த மெயிலைப் பதினொரு மணிவரை கண்டுகொள்ளவில்லையாம். அன்றிலிருந்து விரல்தான். திரையைக் கீழே இழுப்பார், வட்டம் சுற்றும். அதுவும் ஆளுக்கு ஒரு தடவை.

"செல்விக்கு... இல்ல. மணிப் பயலுக்கு... இல்ல."

"ஒரு தபா இழுத்தா எல்லாருக்கும்தான்யா வரும்?" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

"பொதுவா கேட்டா அது யாருக்குடி குடுக்கும்?"

நான் எட்டாவதோடு நின்றவன். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தேன். மெயில் வந்த அன்றே நேரில் போக வேண்டும். தவறினால் வேலை அடுத்தவனுக்கு. சோறு இறங்கவில்லை. தினமும் நாலு தடவை கடைக்குப் போவேன்.

"அண்ணே, எனக்கு நல்லா அழுத்தி இழுத்தீங்களா?"

"ஒனக்கு மட்டும் ரெண்டு தபா இழுத்தேன்டா. போய் துன்னுட்டுப் படு."

அந்த வாரம் கிருமாம்பாக்கத்தில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். போன் எங்கேயோ, அங்கேதான் நானும். தட்டு மாற்றும் நேரம். சம்பந்தி தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அண்ணன் கையில் போன். பட்டியலில் பதினோரு பேர்.

"தட்ட புடிங்க சம்பந்தி, கை வலிக்குது!"

"ஒருத்தன் பாக்கி. இருங்க."

என் பெயரைச் சொல்லி இழுத்தார். வட்டம் சுற்றியது. டிங்!

"வந்துட்ச்சுடா! ரெண்டு மணிக்குள்ள வரணுமாம், ஓடு!" என்று கத்தியவர், மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியாடி? பேர் சொன்னாத்தான் குடுக்குது!"

தட்டிலிருந்த தேங்காய் உருண்டு சம்பந்தி காலில் விழுந்தது. நான் கடலூர் ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏறினேன். வேலை கிடைத்தது.

இப்போது எனக்கென்று மெயில் ஐடி இருக்கிறது. கம்பெனி ஃபாரத்தில் மட்டும் அண்ணனுடையதுதான். மாற்றச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். எப்படி மாற்றுவது? மாற்றினால் அவர் என் பெயரைச் சொல்வதை நிறுத்திவிடுவாரே.