ரெண்டுகிலோ ஐயாவின் மூன்றாவது வயிறு

ஒரே ஆயுளில் மூன்று வயிறுகளோடு வாழ்ந்த மனிதர் சப்ரகமுவ மாகாணம் முழுக்கத் தேடினாலும் எங்கள் ரெண்டுகிலோ ஐயா ஒருவர்தான். முதலாவது தாய் கொடுத்தது. மற்ற இரண்டும் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கொடுத்தவை. மூன்றாவது வயிறு கிடைத்த அந்த மாதத்தில் எங்கள் தோட்டம் பட்ட பாட்டைப் போல, உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில்கூட நான் பார்த்ததில்லை.

கலவானைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் எங்களுடையது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையை மடுவம் என்போம். அங்கே நிறுவைக்கு நிற்கும் கணக்குப்பிள்ளைதான் ஐயா. சாக்குக்கும் ஈரத்துக்குமாக ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிப்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். அந்தக் கழிவை அறிவிக்கும் குரல் அவருடையது. “இருபத்தி மூணு! ரெண்டு போக இருபத்தி ஒண்ணு!” என்று அவர் மடுவத்தில் நின்று கத்தினால் ஐந்தாம் நம்பர் மலையில் கேட்கும். கொளுத்தும் வெயிலடிக்கும் மாசி மாதத்திலும் ஈரத்துக்குக் கழிப்பார்.

“இந்த வெயில்ல ஈரம் எங்கங்க ஐயா இருக்கு?” என்று ஒருநாள் சரோஜா கேட்டாள். கொழுந்தெடுக்கும் பெண்களில் வாய் நீளமானவள் அவள்.

“உன் கண்ணுல இருக்கே புள்ள,” என்றார் ஐயா.

ஆள் அப்போது மலை. பழைய வட்டத் தராசு நூறு கிலோவோடு முடிந்துவிடும். ஒரு பந்தயத்துக்காக அதில் தொங்கினார். முள் முழுச் சுற்றுச் சுற்றி, பூச்சியத்தைத் தாண்டி, முப்பத்தெட்டில் போய் மூச்சு வாங்கி நின்றது.

“பாத்துக்கங்க, முப்பத்தெட்டுக் கிலோ. ரெண்டு போக முப்பத்தாறு. என்னைப் போய்க் குண்டுங்கிறீங்களே!”

சீனி வியாதியும் முழங்கால் வலியும் சேர்ந்து அவரைக் கொழும்புக்கு அனுப்பின. டாக்டர் வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரித் தைத்துவிட்டார். வந்த சூட்டோடு ஐயா பெண்களைக் கூட்டி வைத்து விளக்கம் கொடுத்தார்: “சட்டைக் கை மாதிரி இருக்கும். ஒரு கோழிக்கறித் துண்டு போட்டா ஹவுஸ்ஃபுல்.”

மெலிந்தார். அப்படி மெலிந்தார்! மகனுடைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஐந்தாம் நம்பர் மலைக்கு ஏறினார். அந்த மலைக் கொழுந்துக்குப் பல வருடங்களாகக் கணக்கு எழுதியவர், உச்சியில் நின்று, “அட, இங்க ஒரு ஓடை ஓடுதா? யாரும் சொல்லவே இல்லையே!” என்று கத்திய நாள், ஒரு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. ஓடைக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்றும் கேட்டார்.

ஆனால் டாக்டர் பெரிய சாப்பாட்டுக்குத்தான் கதவை அடைத்திருந்தார். சின்னச் சாப்பாடு சந்து வழியாக வரத் தொடங்கியது. டின்பாலில் இரண்டு துளை போட்டு உறிஞ்சுவார். ஐஸ்கிரீமை உருகவிட்டுக் குடிப்பார். கேட்டால், “மென்னு தின்னாத்தானே சார் சாப்பாடு? இது குடிக்கிறதுதானே?” என்பார். தோட்டப் பாடசாலை ஆசிரியனான நான் அந்தத் தர்க்கத்துக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். போன எடையில் பாதி திரும்பி வந்தது.

கூடவே வந்த இன்னொன்றுக்கு அவர்மேல் பழி சொல்ல முடியாது. அந்தக் குழாய் வயிறு சிலருக்குச் செய்யும் வேலை என்று டாக்டரே சொன்னார். படுத்தால் போதும், வயிற்று அமிலம் நெஞ்சை எரித்துக்கொண்டு தொண்டைவரை ஏறும். பழைய வேனிலிருந்து கழற்றிய சீட் ஒன்றை வீட்டு முன்பக்கத்தில் பொருத்தி, வருடக்கணக்கில் அதில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒருமுறை தூக்கத்தில் சரிந்து புரைக்கேறி, கண் செருகி, அவர் மனைவி மனோன்மணி முதுகில் குத்திக் குத்தித்தான் மூச்சைத் திருப்பினார். அன்றிலிருந்து அந்த அம்மாவும் தூங்குவதில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் காவல். ஐந்தாம் நம்பர் மலைக்குக் கேட்ட குரல், அமிலம் பட்டுப் பட்டு, ஓட்டை விசில் ஆகிவிட்டது.

“சார், எனக்கு மெலியணும்னுகூட இல்ல. ஒரே ஒரு ராத்திரி நீட்டி நிமிர்ந்து படுக்கணும். மனோவும் படுக்கணும்,” என்றார் என்னிடம். அவர் சிரிப்புக்கு ஒரு பகிடி சேர்க்காமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இன்னொரு சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார் கொழும்பு டாக்டர். குழாயின் மேல்முனையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைப்பது. பைபாஸ் என்று பெயர். அமிலம் மேலே வராது. ஆனால் கல்லீரலில் கொழுப்பு வீங்கி வழியை மறிக்கிறது. குறித்த கிளினிக் நாளுக்குள் எடை நூற்றுப்பத்துக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வாராவாரம் எடையை நர்ஸ் மிஸ்ஸுக்குப் போனில் சொல்ல வேண்டும்.

எடை பார்க்க எங்கே போவது? தோட்டத்து மருந்தகத் தராசு ஐயா ஏறிய ஒரு நாளில்தான் செத்துப்போயிருந்தது. மடுவத்தில் புதிதாக வந்திருந்த மின்சாரத் தொங்கு தராசு ஒன்றே கதி.

வெள்ளிக்கிழமை மாலைகளில் கடைசிச் சாக்கு லொறி ஏறியதும் கூட்டம் கூடும். இரண்டு சாக்கைச் சேர்த்துத் தைத்த தொட்டிலில் ஐயா உட்காருவார். நாலு பேர் தூக்கிக் கொக்கியில் மாட்டுவார்கள். இலக்கம் வாசிப்பது சரோஜா. முதல் வெள்ளி அவள் முழு இலக்கத்தையும் வாசித்ததும் தொட்டிலுக்குள்ளிருந்து ஓட்டை விசில் கிளம்பியது.

“ஏய் புள்ள! சாக்குக்குக் கழிக்கலையா? மழையில வேற நனைஞ்சிருக்கேன்!”

“உங்களுக்குமாங்க ஐயா கழிவு?”

“சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து, கூரைத் தகரம் அதிர, “ரெண்டு போக!” என்று கத்தினார்கள். தொழிற்சாலை ஆரம்பித்த நாள் முதல் கழிக்கப்பட்டே வந்தவர்களுக்குக் கழிக்கும் பக்கத்தில் நிற்பது அன்றுதான் வாய்த்தது. ஆகவே வாராவாரம் கழித்தார்கள். கழித்த எடையைத்தான் ஐயா நர்ஸுக்குச் சொன்னார். அதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தோட்டத்தில் எடை என்றாலே இரண்டு போன மிச்சம்தான்.

பத்தியத்தில் ஐயாவைக் காவல் காக்கும் பொறுப்பையும் சரோஜாவே எடுத்துக்கொண்டாள். கடையில் அவருக்கு எதுவும் விற்கக் கூடாது என்று உத்தரவு. ஒருநாள் மாலை மழை கொட்டுகிறது. ஐயா கையில் குடையை வைத்துக்கொண்டு நனைந்தபடி போகிறார்.

“குடையை விரிங்க ஐயா, காய்ச்சல் வந்துரும்!”

“வேணாம் புள்ள. மழை உடம்புக்கு நல்லது.”

“எந்த ஊர்ல?” என்று கேட்டபடியே சரோஜா குடையைப் பிடுங்கி விரித்தாள். அவர் தலையில் நாலு பருப்பு வடை விழுந்தது. ஐயா மேலே அண்ணாந்து பார்த்தார், வானத்திலிருந்து வந்தது போல.

கடைசி வெள்ளி தராசு நூற்றுப்பதினொன்று காட்டியது. “ரெண்டு போக நூத்தி ஒன்பது!” மடுவத்தில் வெடி கொளுத்தினார்கள்.

புதன்கிழமை கிளினிக். நானும் மனோன்மணி அம்மாவும் கூடப் போனோம். ஆஸ்பத்திரித் தராசு நூற்றுப்பத்தரை என்றது. டாக்டர் அட்டையைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், சிங்களத்தில், ‘ஐயா’வுக்குப் பதில் ‘மாத்தயா’ போட்டுக் கேட்டார்:

“நூற்றொன்பதுன்னு சொன்னீங்களே மாத்தயா. பஸ்ல என்ன சாப்பிட்டீங்க?”

ஐயாவின் சிங்களம் டாக்டருடையதைவிடச் சரளம். “ஒண்ணுமே சாப்பிடல டாக்டர். அது ரெண்டு போக நூற்றொன்பது.”

“எந்த ரெண்டு?”

“சாக்குக்கும் ஈரத்துக்கும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க என்ன, சாக்கா?”

“சாக்குலதான் டாக்டர் உட்கார்ந்திருந்தேன்.”

நர்ஸ் மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். டாக்டர் சிரிக்கவில்லை. “வர்ற புதன். நூற்றுப்பத்துக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் உங்க இடம் அடுத்த ஆளுக்கு. வெளியில எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா?”

திரும்பும் வழியில், இரத்தினபுரி பஸ் நிலையத்தில் கடலைக்காரன் கூடையோடு ஏறினான். அதற்குக்கூட ஐயாவின் தலை திரும்பவில்லை. மனோன்மணி அம்மா மட்டும், “ஒரு கிழமைதானேங்க, பாத்துக்கலாம்,” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எவ்வளவு நாள் தூக்கமோ.

மறுநாள் மடுவத்தில் சரோஜா முதலில் ஒரு வேலை செய்தாள். சரியான எடை தெரிய வேண்டுமென்று, நனைந்து சொட்டிய வெறும் சாக்கைத் தனியே கொக்கியில் மாட்டினாள். முக்கால் கிலோ. தட்டிப் பார்த்தாள். முக்கால் கிலோதான்.

“அப்ப மிச்சம் ஒண்ணேகால் கிலோ எங்கங்க ஐயா போச்சு? இத்தனை வருஷமா?”

ஐயா அந்தச் சொட்டும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்கு நடந்து, தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான பெரிய டீமேக்கருடைய மேசையில் விரித்துவிட்டு, அது காயும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். எங்கள் ஊரில் சாக்கு காய நாலு நாளாகும். சாயந்திரத்துக்குள் கழிவு ஒரு கிலோவாகக் குறைந்தது. அவரை ஒருகிலோ ஐயா என்று கூப்பிட மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை.

அதன் பிறகு அந்த வாரம் பெண்களுடையது. காலையில் பெரட்டில் பெயர் கொடுத்து வேலை பிரித்து முடிந்ததும், சூப் போத்தலைக் கழுத்தில் மாட்டி ஐயாவை ஐந்தாம் நம்பர் மலைக்கு ஓட்டிப்போவார்கள். முன்னால் ஒருத்தி இழுப்பாள், பின்னால் இருவர் தள்ளுவார்கள். காலில் அட்டை ஏறியதைப் பார்த்து ஒருத்தி உப்பை எடுத்தாள்.

“விடு புள்ள,” என்றார் ஐயா. “அதுவும் கொஞ்சம் குறைக்கட்டும்.”

புதன் அதிகாலை பஸ்ஸுக்கு வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருபது வயதிலிருந்து வளர்த்த மீசையை மழித்திருந்தார். “அதுவே ஒரு பத்துக் கிராம் இருக்கும் சார்.” தராசில் ஏறுமுன் கைக்கடிகாரம், மோதிரம், கண்ணாடி, அரைஞாண் எல்லாவற்றையும் மனைவி கையில் கொடுத்தார். இடுப்புச் சாரத்திலும் கை வைத்தபோது நர்ஸ் மிஸ், “அனே, வேணாம்!” என்று அலறினார்.

நூற்றொன்பதரை.

அந்த ஓட்டை விசில் குரலில் அவர் போட்ட கூச்சலில் காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். டாக்டர் இப்போது சிரித்தார். “எதுவும் கழிக்கலையே?”

அடுத்த திங்கள் சத்திரசிகிச்சை. மூன்று மணி நேரம் என்றார்கள். அதைத் தாண்டியும் கதவு திறக்கவில்லை. முதல் சத்திரசிகிச்சையின் தழும்புகள் உள்ளே ஒட்டிப்போயிருந்தனவாம். மனோன்மணி அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, அவருடைய மோதிரத்தைத் தன் பெருவிரலில் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். என் போன் ஓயவில்லை. எங்கள் தோட்டத்தில் மடுவத்துக்கு மேலே உள்ள பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். சரோஜா அதில் ஏறி நின்றுகொண்டாள்.

“முடிஞ்சிச்சாங்க சார்?”

“இன்னும் இல்லம்மா.”

“கீழ எல்லாரும் நிக்கிறாங்க சார். சும்மா பேசிக்கிட்டாவது இருங்க.”

அந்த நேரத்தில் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கினார். “எல்லாம் சரி. மாத்தயா இனிப் படுக்கலாம்.”

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சரோஜாவுக்குக் கேட்டுவிட்டது. போனிலிருந்து கிளம்பிய பெண்கள் கூச்சலில் நடைபாதையே திரும்பிப் பார்த்தது. மனோன்மணி அம்மா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து, அப்போதுதான் அழுதார்.

மூன்றாவது வயிறு கண்டிப்பானது. சூப்பைச் சின்னக் கரண்டியால் அளந்து குடிக்க வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, ஆயுளுக்கும் விற்றமின் குளிசை. பழைய பாசத்தில் ஒருநாள் அரைக் கரண்டி டின்பால் குடித்தார். நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, எமன் லயத்து வீட்டு வாசலில் நிற்கிறான் என்று முடிவு செய்து, எனக்கு ஆள் அனுப்பித் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். பிறந்த வருடத்தைத் தாண்டுவதற்குள் படபடப்பு அடங்கிவிட்டது. டின்பால் பக்கம் பிறகு போகவில்லை.

ஐப்பசியில் வேலைக்குத் திரும்பினார். முதல் வாரத்திலேயே, ஒரு வியாழக்கிழமை பிற்பகல், நான் மடுவத்துப் பக்கம் போனேன். நிறுவை நேரம். லொறி வந்து நிற்கிறது. உள்ளே ஐயா, வெறும் சாக்குகளை விரித்து, தலைக்கு ஒன்றும் வைக்காமல், கையையும் காலையும் பரப்பி, மல்லாந்து நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மலையிலிருந்து பெண்கள் வழக்கம்போலச் சண்டையும் சிரிப்புமாக இறங்கி வந்தார்கள். வாசலில் முதலில் சரோஜா நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதி நின்றார்கள். முதுகில் கனக்கும் கொழுந்தோடு, மழைத் தூறலில், ஒருத்தியும் கூடையை இறக்கவில்லை. லொறிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஹோர்னில் கையை வைத்தார்.

அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள்.