சப்பாத்தணிந்த நோயாளி

மனிதகுலம் முதன்முதலாக நோயுற்ற நாளிலிருந்து எதிர்பார்த்திருந்த பூரண நோயாளி, கண்டிக்கு அருகே குண்டசாலை என்ற ஊரில், வேலையிலிருந்து இளைப்பாறிய கணக்காளராக வாழ்ந்துவந்தார். பெயர் இராமநாதன். 'விழிப்புணர்வு' அவருக்குக் கைபேசி வழியாக வந்தது. நீரிழிவு அதற்கு முன்பே வந்துவிட்டது.

வலது பெருவிரலின் கீழ் ஒரு புண். ஆறுவதாக இல்லை. விரல் போய்விடுமோ என்று மனைவி மங்களேஸ்வரிக்குப் பயம். இராமநாதனுக்கும் பயம்தான். ஆனால் அவர் அதை ஆராய்ச்சியாக மாற்றிக்கொண்டார்.

கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசேட வைத்திய நிபுணரைச் சந்திக்க நேரம் பதிந்து சனல் பண்ணினார்கள். புறப்படும்போது மங்களேஸ்வரி செருப்பை எடுத்து வைத்தாள். நிபுணரைச் செருப்போடு சந்திப்பது அறிவுடைமைக்கு இழுக்கு என்று விளக்கிவிட்டு, இராமநாதன் காலுறையும் கறுப்புச் சப்பாத்தும் அணிந்தார். ஒவ்வோர் அடிக்கும் முகம் சுளித்தது. கழுத்துப்பட்டி மட்டும் நேராக இருந்தது.

உள்ளே நடந்தது வரலாறு. இராமநாதன் நீரிழிவு மருந்தின் கம்பனிப் பெயரை விட்டு மூலப்பெயரை எழுதும்படி கேட்டார், நிபுணர் எழுதினார். இரத்தப் பரிசோதனையை அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே செய்யலாமா என்றார். தாராளமாக என்றார் நிபுணர். பக்கவிளைவு, மாற்று மருந்து, ஐரோப்பிய ஆய்வு என்று உரையாடல் உயர்ந்துகொண்டே போனது. தரைக்கு இறங்கவில்லை.

"உங்களை மாதிரி விளக்கமான நோயாளியளைக் காணுறது அருமை" என்று நிபுணர் கதிரையில் சாய்ந்தபடி மெச்சினார். மணியை அடித்து அடுத்தவரை அழைத்தார்.

வெளியே காத்திருந்த மங்களேஸ்வரி எழுந்தாள்.

"காலுக்கு என்னவாம்?"

இராமநாதன் மருந்து எழுதிய துண்டைப் பார்த்தார். "அவர் அதைப் பற்றிக் கேக்கேல்லை."

"நீங்கள் காட்டேல்லையோ?"

"எப்பிடியப்பா? கதை நல்ல மட்டத்தில போய்க்கொண்டிருந்தது. நடுவில சப்பாத்தைக் கழட்டுறதோ?"

அவள் அவரைக் கையைப் பிடித்து மீண்டும் உள்ளே கொண்டுபோனாள். அடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டாள். கணவரை இருத்தி, நிலத்தில் குந்தி, சப்பாத்தைக் கழற்றினாள். காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது.

நிபுணர் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து இந்தப் பக்கம் வந்தார். விரலைக் காப்பாற்றலாம், ஆனால் இன்றே துப்புரவாக்கி மருந்து கட்டவேண்டும், இன்னும் சில நாள் போயிருந்தால் கடினம் என்றார்.

"இவ்வளவு விளக்கமான நீங்கள் இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன், டொக்டர்."

மங்களேஸ்வரி காலுறையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"படிச்ச ரெண்டு பேரும் வடிவாத்தான் கதைச்சிருக்கிறியள். குனியத்தான் ஒருத்தரும் இல்லை."