கிழக்கு வீட்டில் வைத்த றங்குப்பெட்டி

சிவமயம்

பண்டத்தரிப்பு,
8-10-38, புரட்டாதிச் சனிக்கிழமை, மதியம்.

கோலாலம்பூரில் சீரோடு வாழும் மதிப்புக்குரிய மச்சான் சரவணமுத்து அவர்களுக்கு, ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை மீனாம்பிகையும் பசுவும் கன்றும் சுகம். அங்கே நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இணுவில் கந்தசுவாமியாரை வேண்டுகிறேன். இந்த வரிகளில் மகனின் பெயரைக் காணவில்லையே என்று யோசிப்பீர்கள். அவனும் சுகந்தான், கால் நீங்கலாக. காலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கந்தோர்த் துரையின் வாசலில் எத்தனையோ நாள் காத்து நின்று நீங்கள் எடுத்துத் தந்த கிளார்க்கு வேலையை மகன் சிவசுப்பிரமணியம் இந்த மாத முடிவுக்குள் வந்து ஏற்காவிட்டால் அது வேறொருவனுக்குப் போய்விடும் என்றும், பிறகு உங்கள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். நியாயம். இருபத்தொரு வயது. சீனியர் சோதனை இரண்டு தரம் தவறிவிட்டான். ஆறடி ஒரு அங்குலம் வளர்ந்து வீட்டு நிலையிலெல்லாம் தலையை இடிப்பதும், ஒரு நீத்துப்பெட்டி நிறைய அவித்த பிட்டை ஒரே இருப்பில் முடிப்பதும் தவிர அவனால் வீட்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பின்னேரமானால் பாஸ்கற்போல். அந்த விளையாட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. கம்பத்தில் ஒரு பலகை, பலகையில் இரும்பு வளையம், வளையத்தில் அடியில்லாத வலை. அதற்குள் பந்தைப் போடுகிறார்கள். அடி இல்லாதபடியால் பந்து கீழே விழுகிறது. விழுந்ததை எடுத்துத் திரும்பவும் போடுகிறார்கள். இதில் எங்கள் மணியந்தான் வலிகாமத்திலேயே பெரிய சூரன் என்று ஊரில் பாதி சொல்கிறது. மற்றப் பாதி சொல்வதையும் எழுதத்தான் போகிறேன்.

நான் றெயில்வேயில் இருபத்தெட்டு வருடம் டிக்கற் கொடுத்தவன், ஒரு மெயிலையும் பிந்தவிடாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். கப்பலைப் பிடிப்பதானால் இன்று மாலை மெயிலில் ஏறியாக வேண்டும். ஆனால் இன்று புரட்டாதிச் சனி, சனி பகவானின் நாள், பயணத்துக்கு ஆகாது. முன்கூட்டியே கேட்கப் போன என்னிடம் சாத்திரியார் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, "சனியனைத் தோளிலை ஏத்திக்கொண்டோ கடல் கடக்கப் போறியள்?" என்று கேட்டார். பிறகு அவரே வழியும் சொன்னார். அங்கே போய் இத்தனை வருடத்தில் நீங்கள் மறந்திருப்பீர்கள்: நல்ல நாளிலேயே பயணப்பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றே தொடங்கியதாகும், ஆள் பிறகு கெட்ட நாளிலும் போகலாம். பரஸ்தானம் வைப்பது என்று சொல்வோமே, அதுதான். ஆனால் வைத்த பெட்டி வீட்டுக்குத் திரும்பவும் கூடாது, இடையில் திறக்கவும் கூடாது. திறந்தால் பயணம் பங்கம். மலாயா கிழக்கே இருக்கிறபடியால் கிழக்குப் பக்கத்து வீடாகப் பார்த்து வைக்கச் சொன்னார். எங்கள் வளவுக்குக் கிழக்கே இருப்பது ஒரே வீடு, சிமியோன் வீடு. அந்த மனிதர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர், நல்லவர், இராகுகாலம் என்றால் சிரிப்பவர். அவர்தான் பாஸ்கற்போல் கழகத்துக்குச் செக்கிரட்டரி என்பது சாத்திரியார் குறித்த சுபநேரமான புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் பெட்டியைத் தலையில் தூக்கியபோது என் புத்தியில் படவில்லை.

பத்து மணிக்கு மகன் வந்து, "அம்மா, என்ரை சப்பாத்து எங்கை?" என்று கேட்டான். உங்கள் தங்கை, "அங்கையும் பந்தடிப்பாய் எண்டு பெட்டிக்குள்ளை வைச்சிட்டன், ராசா" என்றாள். அவன் முகம் செத்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை, அதாவது நேற்று, இணுவில் கழகத்தோடு கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம். மைதானம் முழுக்கச் சரளைக்கல், அவன் காலுக்கு அளவான வேறு சப்பாத்து ஊரிலேயே கிடையாது.

அரை மணித்தியாலத்தில் ஊர் சிமியோன் வீட்டு விறாந்தையில் நின்றது. புகையிலைத் தோட்டக்காரன் முருகேசு ஒரு பக்கம், அருட்பிரகாசம் வாத்தியார் மறு பக்கம். முருகேசுவுக்கு எங்கள் மணியந்தான் உலகம். "பெட்டியைத் திறவுங்கோ சிமியோன் அண்ணை. உவன் சப்பாத்துப் போடாட்டில் கிண்ணம் இணுவிலுக்குத்தான்" என்று கத்தினான். அவன் நோக்கம் எனக்கு விளங்கிற்று. பெட்டி திறந்தால் சப்பாத்தும் வரும், பயணமும் பங்கமாகும். ஒரே பூட்டில் இரண்டு காரியம். வாத்தியார் போய் என் றங்குப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். விரித்துக்கொண்டே சொன்னார்: "உவன் போனால்தான் மற்றப் பெடியளுக்குப் பந்து கண்ணிலை தெரியும். என்ரை மோன் பொன்னுத்துரை இரண்டு வருசமாய் உதுக்குள்ளை ஓடுறான். ஒரு நாளாவது உவன் பந்து குடுத்தவனோ? தன்னலம் பிடிச்சவன். உவன் கப்பலேறுமட்டும் நான் உதிலை இருந்து எழும்பமாட்டன்."

மச்சான், என் நிலையைப் பாருங்கள். பெட்டி திறக்கப்படாமல் இருக்க வேண்டுமென்றால் நான் வாத்தியாரின் கட்சி. அவரோ என் பிள்ளையை என் முன்னாலேயே தன்னலக்காரன் என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நான். கொடுத்தேன். இரண்டு நாளில் ஒன்பது தரம்.

அந்த இரண்டு நாளும் என் மகன் என்ன பெறுவான் என்று விறாந்தையில் நடந்த வழக்கு எந்த நீதவான் கோட்டிலும் நடந்திராது. "என்ரை மாடு கிணத்துக்குள்ளை விழேக்கை இறங்கித் தூக்கினவன் ஆர்?" என்றான் முருகேசு. "மாடு தூக்கிறதும் பந்து போடுறதும் ஒண்டோ?" என்றார் வாத்தியார். "மைதானத்துக்கு வெளியிலை ஆள் எப்பிடி எண்டும் பாக்கவேணும்." "வெளியிலையும் பாத்தம், சோதனை இரண்டு தரம் கோட்டை விட்டவன்." "உங்கடை மோன் மட்டும் பாஸ் பண்ணிக் கிழிச்சவரோ?" இப்படியே போயிற்று. ஒருவன் அவனைத் தெய்வம் என்றான். இன்னொருவன், ஊர்க் கிடுகு வேலிகளை எல்லாம் பந்தடித்துப் பிரித்தவன் என்றான்.  இவர்கள் சொன்னதைவிட மோசமாக நானே அவனை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். ஆனால் வேறொருவன் வாயிலிருந்து கேட்டபோது எனக்குப் பொறுக்க முடியவில்லை. இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், தங்கைக்குத் தெரிய வேண்டாம்.

வியாழன் பின்னேரம் முருகேசு ஆட்களோடு வந்து பெட்டியைத் தூக்கவே தொடங்கிவிட்டான், மேலே இருந்த வாத்தியாரையும் சேர்த்து. அடிதடி வரும் போலிருந்தது. சிமியோன் கதவை மறித்து நின்று சொன்னார்: "எனக்கு நாள் நேரம் ஒண்டுமில்லை. கிண்ணம் வேணுமெண்டு உங்கள் எல்லாரையும்விட எனக்குத்தான் ஆசை. ஆனால் ஒருத்தர் நம்பித் தந்த பெட்டியை என்ரை வீட்டுக்குள்ளை ஆரும் திறக்கேலாது. வைச்சவர் திறக்கச் சொன்னால் திறக்கிறன்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகனும் படலையில் நின்று பார்த்தான். அவன் என்னிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாயிருந்தது. உங்கள் கடிதத்தை நினைத்துக்கொண்டு, "திறக்க வேண்டாம்" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

நேற்று மைதானத்துப் பக்கம் தலை வைக்கமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் நேரம் பார்க்கக் கணக்கான மணிக்கூடு என்னிடம் மட்டுந்தான் இருக்கிறது என்று சிமியோன் வந்து கூப்பிட்டார். இணுவில்காரரும் றெயில்வே மணிக்கூடு என்றதும் சம்மதித்துவிட்டார்கள். ஆகவே கையில் மணிக்கூடும் வாயில் ஊதலுமாக ஒரு கதிரையில் என்னை இருத்தினார்கள். மகன் வெறுங்காலோடு வந்தான். முதற் பாதியில் ஓடினான், பாய்ந்தான், போட்டான். இரண்டாம் பாதியில் அவன் கால் வைத்த இடத்தில் சிவப்பாகத் தெரிந்தது. முதலில் வெற்றிலைத் துப்பல் என்று நினைத்தேன். மச்சான், அது அவன் இரத்தம். அதற்குப் பிறகு மணிக்கூட்டின் முள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

கடைசி நிமிஷத்தில் அவர்கள் இருபது, நாங்கள் பத்தொன்பது. பந்து மகன் கையில். சனம் முழுக்க "மணியம், மணியம்" என்று கத்துகிறது. இணுவில்காரர் மூன்று பேர் அவனைச் சுற்றி நிற்கிறார்கள். ஊதல் என் பல்லில் அடித்தது. அவன் எகிறப்போனான், எகிறவில்லை. ஒருவரும் கவனியாத மூலையில் சும்மா நின்ற பொன்னுத்துரையின் கைக்குள் பந்தை எறிந்தான். இரண்டு வருடம் பந்தைத் தொடாத அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது. வளையத்தில் இரண்டு தரம் சுற்றி உள்ளே விழுந்தது. ஆட்டம் முடிந்ததென்று நான் ஊதினேன். இருபத்தொன்று, இருபது. நான் பிந்தி ஊதியதாக இணுவில்காரர் மைதானத்திலேயே சத்தம் போட்டார்கள். இருபத்தெட்டு வருடம் மெயில் அனுப்பியவன் மேல் இப்படியொரு பழி!

இனித்தான் உங்களுக்குத் தலை சுற்றும். இன்று காலை நான் சிமியோன் வீட்டுக்குப் போனபோது பெட்டியின் மேல் இருந்தவன் முருகேசு. திறக்க வந்து நின்றவர் வாத்தியார்! "கையிலை பந்தை வைச்சுக்கொண்டு மற்றவனுக்குக் குடுக்கிறவனும் ஒரு ஆட்டக்காரனோ?" என்று முருகேசு கொதித்தான். "அந்தப் பெடியன் தவறவிட்டிருந்தால் எங்கடை மானம் எங்கை? போகட்டும் உவன் மலாயாவுக்கு." வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ரை பிள்ளைக்குப் பந்து குடுத்தவனடா. உப்பிடி ஒரு தங்கமான பெடியனை ஊரைவிட்டு அனுப்புறது பாவம். பெட்டியைத் திறவுங்கோ, பயணம் பங்கமாகட்டும்" என்றார். இப்போது நான் முருகேசுவின் கட்சி. அவனுக்கும் தேத்தண்ணி கொடுத்தேன்.

இதில் ஒரு இரகசியம் உண்டு. ஆட்டம் முடிந்து வந்தவுடன் கிணற்றடியில் அவன் காலுக்கு நான்தான் தண்ணீர் வார்த்தேன். "ஏனடா அவனுக்குக் குடுத்தனி?" என்று கேட்டேன். "கால் ஊண்டேலாமல் போச்சு, ஐயா. எகிற ஏலேல்லை. அவன் சும்மா நிண்டவன்" என்றான். அவ்வளவுதான் விஷயம். இவர்களுக்கு இதைச் சொன்னால் வழக்குக்கு வேலையில்லாமல் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. "போக உனக்கு விருப்பமோ?" என்றும் கேட்டேன். இருபத்தொரு வருடத்தில் அவன் விருப்பத்தை நான் கேட்டது அதுதான் முதல் தரம். "நீங்கள் போகச் சொன்னால் போறன்" என்றான்.

போகச் சொல்லிவிட்டேன். பெட்டியை அலுங்காமல் மாட்டு வண்டியில் ஏற்றி, உங்கள் கோலாலம்பூர் முகவரிக்கே நேராகப் பதிந்து, சுன்னாகம் ஸ்ரேசனில் சற்றுமுன் ஒப்படைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மாலை மெயிலில் அவன் ஏறுவான். இதில் மாற்றமில்லை. ஊர் என்ன சொன்னாலும் தகப்பன் கல்லாக இருக்க வேண்டிய இடத்தில் கல்லாக இருக்கத்தான் வேண்டும். அங்கே வந்ததும் காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சிப் போடச் சொல்லுங்கள். நிலைகளில் இடிப்பான், கவனம். அவனை இனி உங்கள் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மச்சாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசி. கந்தசுவாமியார் உங்கள் வீட்டு வாசலில் எந்நாளும் காவல் நிற்பாராக.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத,
க. ஆழ்வாப்பிள்ளை.

பின்குறிப்பு: ஞாயிறு காலை. நேற்று இக்கடிதத்தைத் தபாலில் போடவில்லை, சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. ஸ்ரேசனுக்கு ஊர் முழுக்க வந்தது. அங்கேயும் இரண்டு கட்சி, அங்கேயும் வழக்கு. முடிவில் முருகேசு என்னைப் பார்த்து, "நீங்கள் பெத்தனியள், நீங்களே சொல்லுங்கோ. உவன் என்ன பெறுவான்?" என்று கேட்டான். நான் மறுமொழி சொல்லுமுன் மெயிலின் கார்ட் பச்சைக்கொடியைக் காட்டிவிட்டார். மகன் வண்டிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து "போட்டு வாறன், ஐயா" என்றான். மெயில் நகர்ந்தது. அவன் கையை விட்டுவிட்டான் மச்சான். விடாதவன் நான். வண்டி போய்விட்டது, அவனும் நானும் மேடையில் நின்றோம்.

பெட்டி மட்டும் சுபநேரத்தில் புறப்பட்டபடியே உங்களிடம் வந்துகொண்டிருக்கிறது. கப்பல் டிக்கற்றை இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன். வேலையை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள், என்னை என்னவும் ஏசுங்கள். மேலே எழுதியதில் இன்னொன்றும் பொய்: நான் பிந்தித்தான் ஊதினேன். இணுவில்காரர் தை மாதம் திரும்ப ஆடக் கேட்கிறார்கள், அது நியாயந்தான். ஆகையால் பெட்டி வந்து சேர்ந்ததும் வேட்டிகளையும் பனங்கட்டியையும் நீங்களே வைத்துக்கொண்டு, சப்பாத்தை மட்டும் அடுத்த கப்பலில் அனுப்பிவைக்கவும்.