ஸ்பேரும் இரண்டாவது டீயும்

காலை பத்து பதினேழுக்கு எல்லாம் கெட்டது. அதுவரை, உலகத்தில் இரண்டாக வைத்துக்கொண்டால் கெடக்கூடிய பொருள் எதுவுமே கிடையாது என்று கோலார் தங்கவயல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் ஸ்பேர்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம். நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவர் ஸ்பேர்தான். சட்டைப் பையில் இரண்டு மூக்குக் கண்ணாடி, இடுப்பில் இரண்டு போன், வெயில் காலத்திலும் கையில் இரண்டு குடை. டீக்கடையில் இரண்டு டீ வாங்குவார். ஒன்று குடிக்க, இன்னொன்று அது கொட்டிவிட்டால் குடிக்க. முதல் டீ ஒருநாளும் கொட்டியதில்லை. ஆறிப்போன இரண்டாவதையும் அவரேதான் குடிப்பார். அதை இன்னொருவருக்குக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

கல்யாணமும் இரண்டு முறை, ஒரே பெண்ணோடு. அப்பா வழிக்காகக் காலையில் முருகன் கோயிலில். அம்மா வழி பௌத்தர்கள் என்பதால் மாலையில் விகாரில். "ஒண்ணு ஃபெயிலானா இன்னொண்ணு ஓடும்" என்று பந்தியிலேயே விளக்கினார். "ரெண்டும் ஓடிக்கினுதான் கீது, நான்தான் நின்னுட்டேன்" என்பது அவர் மனைவியின் கருத்து.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். "எங்கப்பன் சொரங்கத்துக்குள்ள கேஜுல எறங்குனாரேக்கா, அந்தக் கூண்டு ஒத்தக் கயித்துல தொங்கும். ஷிஃப்ட் முடிஞ்சி அவரு வர்ற வரிக்கும் எங்கம்மா சோறு துன்னாது" என்றார்.

என் மகள் பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து, "ஒண்ணுதானாக்கா?" என்றார். ஒன்று போதும் என்றேன். துக்க வீட்டிலிருந்து போகிறவர் போலப் போனார். அதன் பிறகு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், இரண்டு கவுன் வாங்கி வந்தார்.

ஆண்டர்சன்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு நெட்வொர்க் வேலையெல்லாம் ஸ்பேர்தான். போன வருடம் என் மகள் நுழைவுத் தேர்வுக்காகப் பெங்களூரு போன ரயில் வழியில் நின்றுவிட்டது. தேர்வு மையத்தின் கேட்டைச் சாத்திவிட்டார்கள். ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். இந்த வருடம் எங்கள் கல்லூரியையே மையமாகக் கொடுத்தார்கள். அதற்காகப் புதிதாக ஒரு ஸ்விட்ச் வந்தது. சுவரில் தட்டுகிற சுவிட்ச் இல்லை. எல்லாக் கணினிகளையும் இணைக்கிற தட்டைப் பெட்டி.

அட்டையைப் பிரித்துப் பெட்டியின் முதுகைப் பார்த்ததும் ஸ்பேருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, இங்க பாரேன்! பவர் சப்ளை ரெண்டு! கம்பெனிக்காரனே வெச்சிக்கீறான்!" உலகத்தில் தனக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

ஸ்பேரின் மச்சான் ஒரு பக்கம் தாங்க, இவர் இன்னொரு பக்கம் தாங்க, இரும்பு ரேக்கில் பெட்டியை ஏற்றித் திருகாணி போட்டார்கள். சிவப்பு டேப் சுற்றிய வயர் யு.பி.எஸ்.ஸுக்கு, மஞ்சள் டேப் சுற்றியது நேராகச் சுவர் கரெண்ட்டுக்கு. பிறகு எல்லாரையும் கூப்பிட்டார். சிவப்பை உருவினால் பச்சை விளக்கு அணையவில்லை. சொருகிவிட்டு மஞ்சளை உருவினால் அப்போதும் அணையவில்லை. பிரின்சிபால், வாட்ச்மேன், நான் என்று ஆளுக்கொரு தரம் கோயில் மணி அடிப்பதுபோல் உருவிப் பார்த்தோம். "ஒண்ண சொருவிட்டுத்தான் இன்னொண்ணு" என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை சொன்னார்.

தேர்வன்று, பத்து பதினேழுக்கு, எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் இந்த வித்தையைப் பெங்களூரிலிருந்து வந்த தேர்வுப் பார்வையாளருக்குக் காட்டினார். சிவப்பை உருவினார். விளக்கு எரிந்தது. "பரவாயில்லையே!" என்றார் பார்வையாளர். பாராட்டு தலைக்கேறிய சூப்பரின்டெண்ட், சிவப்பை இடது கையில் பிடித்தபடியே வலது கையால் மஞ்சளையும் உருவினார்.

பெட்டியின் மூச்சு நின்றது. பக்கத்து ஹாலில் பிள்ளைகள் "சார், சார்!" என்று எழுந்தார்கள். அதில் ஒரு குரல் என் மகளுடையது.

இரண்டையும் சொருகினார். பச்சை விளக்கு வரவில்லை. மஞ்சளாக ஏதோ கண் சிமிட்டியது. "வரலியே!" மறுபடி உருவிச் சொருகினார். பார்வையாளர் தன் பங்குக்கு ஒரு தரம் உருவினார். "இன்னொரு தரம் போட்டுப் பாருங்க சார்" என்று நானும் கத்தினேன். ஸ்பேரின் இரண்டு போனும் எங்கேஜ்டு. ஒன்றில் பிரின்சிபால், இன்னொன்றில் வாட்ச்மேன். "பத்தரைக்குள்ள வரலேன்னா இங்க எக்ஸாம் ரத்துன்னு எழுதிடுவேன்" என்றார் பார்வையாளர்.

ஸ்பேர் ஸ்கூட்டரில் வந்தார். வழியில் வண்டி நின்றால் மாறிக்கொள்ள, பின்னாலேயே மச்சான் இன்னொரு ஸ்கூட்டரில் வந்தார். உள்ளே நுழைந்த ஸ்பேர் கண் சிமிட்டும் விளக்கைப் பார்த்தார். ரேக்குக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, எங்களைப் பார்த்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னா சார் பண்றீங்க? அது எழுந்திருக்க டைம் ஓணாமா? நைட் ஷிஃப்ட் போய்ட்டு வந்தவன எழுப்புறாப்ல எழுப்புறீங்க, கண்ணத் தொறந்தா மண்டையில தட்டி மறுபடி படுக்க வெக்கிறீங்க."

"நீ கையக் கட்டிக்கினு உக்காந்தா லைட் வந்துடுமா?" என்றார் சூப்பரின்டெண்ட்.

"நீங்க கட்டினா வரும் சார்."

பார்வையாளர் ஒரு அடி எடுத்து வைத்தார். "சும்னே இரி சார்!" என்று, சும்மா இருக்கச் சொல்லி, ஸ்பேர் கன்னடத்தில் அதட்டினார். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பார்வையாளர் பேனாவின் மூடியைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

பச்சை வந்தது. முதலில் ஒன்று, பிறகு வரிசையாக. தேர்வு விட்ட இடத்திலிருந்து ஓடியது. பேனாவின் மூடி மூடப்பட்டது.

தேர்வு முடியும்வரை ஸ்பேர் அந்த முக்காலியை விட்டு அசையவில்லை. நான் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்தாள். "நல்லா பண்ணிக்கீறேம்மா. ஏன் உன் மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டுவிட்டுத் தோழிகளோடு போனாள். இன்றைக்கும் வீட்டில் ஃபேன் நின்றால் நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்; அவளுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

கடைசியாக ஸ்பேர் வந்தார். வழக்கம்போல் இரண்டு டீ சொன்னார். முதல் கிளாஸை எடுத்தபோது பாதி டீ சட்டையில் கொட்டியது. அத்தனை வருடமாகக் காத்திருந்த நாள் அதுதான். ஆனால் அவர் இரண்டாவது டீயை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உனக்கு?" என்றேன்.

"நீ குடி அக்கா. நான் எல்லாத்துலயும் ரெண்டு வெச்சிட்டேன். நீதான் ஒண்ணே ஒண்ணு பெத்து வெச்சிட்ட. ஸ்கூட்டர்ல வர்ற வழி பூரா கை நடுங்கிக்கினே வந்திச்சி."